நாலு ரூபாய் பாக்கி

"அவ்வா கடைக்கு நாலு ரூபாய் கொடுக்கணும்மா. மறந்துட்டே இருக்கேன்."

ஒரு வருஷமாக விளக்கு வைக்கிற நேரமானால் அப்பா இதைத்தான் சொல்கிறார். வயது 86. காலையில் இட்லி சாப்பிட்டாரா, தோசை சாப்பிட்டாரா என்பது நினைவில் இல்லை. சில நாள் என்னையே தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு பேசுவார். ஆனால், எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் கழுகுமலையைத் தாண்டி ஒரு கிணற்றடிக் கடையில் வைத்த நாலு ரூபாய் பாக்கி மட்டும் அழியாமல் நிற்கிறது.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் ஊர் மில் ஊர். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ மில்கள். நூற்பதற்குப் பருத்தி வேண்டுமே! மாசியில் தொடங்கி சித்திரை வரைக்கும், கிழக்கே கரிசல் காட்டில் பருத்தி வெடிக்கிற காலத்தில், அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. முதலில் சைக்கிள், பிறகு மொபெட். சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று ஒரு வட்டமடித்து, கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து சேருவார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். "அவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடுங்கள்" என்றார் டாக்டர். அதனால், "கொடுத்தாச்சுப்பா" என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"யார்கிட்ட கொடுத்தே?"

எனக்குப் பதில் வரவில்லை. ஐம்பது வருஷம் பேரேடு எழுதிய மனுஷர் அல்லவா! மற்றதெல்லாம் போனாலும் அந்தப் புத்தி போகவில்லை. "பொய் சொல்லாதே" என்றுவிட்டு வாசல் கேட்டைத் திறக்கப் போனார். அன்றைக்கு ராத்திரி மூன்று தடவை எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். பொய் சொன்னோமே என்பதைவிட, அது பிடிபட்டதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

என் மகன் அமெரிக்காவில் நார்த் டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரத்தில் இருக்கிறான். போன கோடையில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு, பிஸ்மார்க் வழியாக மேற்கே மெடோரா வரை போய் வந்தான். போக மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் சமவெளி, சூரியகாந்திக் காடு, கோதுமை. "ஃபார்கோ பக்கம் மண்ணெல்லாம் கறுப்பும்மா, நம்ம கரிசல் மாதிரியே" என்று படம் அனுப்பினான். ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிய தரையாம் அது. அவன் தனியாகப் போனதை இங்கே எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள். ஒருவர்கூட "ஏன் தனியா?" என்று கேட்கவில்லை.

நான் ஸ்கூட்டரில் கழுகுமலை வரை போய்வருகிறேன் என்று சொன்னதும்தான் அந்தக் கேள்வி வந்தது. "நாலு ரூபாய்க்கு 150 கிலோமீட்டரா? பெட்ரோலுக்கே கட்டாதே" என்றான் சென்னையில் இருக்கும் தம்பி. "கத்திரி வெயில்ல, தனியாவா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. என் கணவர் உடன் வரத் தயார்தான். ஆனால், அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? ஒருவர் இருந்தால்தான் ஒருவர் போக முடியும். அவருக்கு அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட முதுகு இடம் கொடுக்காது. ஆகவே, நான்தான்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு டப்பாவில் தயிர்சாதம், தலைக்குப் பருத்தித் துண்டு. பர்ஸில் ஒரு ரூபாய் நாணயமாக நாலு, தனியாக முடிந்து வைத்திருந்தேன்.

ராஜபாளையத்தைச் சுற்றி மலையடிவாரத்தில் தென்னையும் மாந்தோப்பும் செம்மண்ணும்தான். சப்பட்டை மாம்பழம் வண்டி வண்டியாக இறங்குகிற சமயம் அது. தெற்கே கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டிப் போகப் போக மலை பின்வாங்கியது. சங்கரன்கோவிலில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிழக்கே திரும்பினால் எதிரே சூரியன். இருபக்கமும் ஒன்றுமே இல்லை. கறுப்பு மண், நடுநடுவே வேலிக்காத்தான், தூரத்தில் காற்றாலைகள், அவ்வளவுதான்.

ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் தப்பு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கோடையில் அந்த வெடிப்புக்குள் கை போகும். ஐப்பசி, கார்த்திகை மழையை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு, அந்த ஈரத்திலேயே பருத்தியையும் உளுந்தையும் கம்பையும் விளைவிக்கிற மண். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இந்த மண்ணுக்கே ஆனது. கோவில்பட்டியில் 1901-லேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வைத்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்திக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் சும்மாவா? ஆனால், இப்போது வழியில் நான் பார்த்த காட்டில் பருத்திமார் குறைவு. மக்காச்சோளத் தட்டைதான் அதிகம்.

ஆளரவமில்லாத ஓர் இடத்தில் பின்னால் ஒரு பைக் வருவது கண்ணாடியில் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், அதுவும் குறைந்தது. கூட்டினேன், அதுவும் கூடியது. கை வியர்த்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் வந்த பையன் உரக்கக் கத்தினான்: "யக்கா, ஸ்டாண்டு! ஸ்டாண்டு எடுத்து விடலக்கா!"

காலால் தட்டிவிட்டேன். அவன் கையைக் காட்டிவிட்டுப் பறந்துவிட்டான். ஓரமாக நிறுத்தி, பாதி பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். நெஞ்சு படபடப்பு அடங்கியதும் சிரிப்பு வந்தது. அந்தப் பையனைப் பற்றி அரை நிமிஷம் என்னென்னவோ நினைத்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

கழுகுமலையில் மேலே ஏறவில்லை. வெட்டுவான் கோயிலைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பி ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பாகத்தை முடிக்காமல் விட்ட கோயில் அது. "அவ்வளவு வேலை பார்த்தவன் எதுக்கு விட்டுட்டுப் போனானோ" என்று அங்கலாய்ப்பார்.

அப்பா சொன்ன அடையாளம் இதுதான்: "கோவில்பட்டி ரோட்டுல இடது கைப்பக்கம் ரெட்டைப் புளி, அதையொட்டிக் கிணறு." இரண்டு ஊரில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதாக, கிடை போட்டிருந்த ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் யோசித்தார்.

"ரெட்டைப் புளியா? ரோட்டை அகலப்படுத்தையில வெட்டிட்டாங்களே தாயி. கிணறு கெடக்கு. அவ்வா வீடு அந்தா, அந்த ஓட்டு வீடு."

கிணற்றுக்கு மேலே கம்பி வலை. உள்ளே தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக் பாட்டில்கள்தான். கடை இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஓட்டு வீட்டில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். அவ்வாவின் பேரன் மனைவி. அவ்வா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் பயந்ததே அதற்குத்தான்.

"அவ்வா செவத்துலதான் கரிக்கோடு போட்டு வைக்கும். அந்தச் செவரும் விழுந்துபோச்சு. கணக்குப்பிள்ளை யாரையும் எனக்கு ஞாபகமில்லையே... தெரியாம எப்படி வாங்குறது?"

அப்பா ராத்திரியில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையை நீட்டினார். நாலு நாணயத்துடன் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளையும் சேர்த்து வைத்தேன். தாளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நாலுன்னுதானே சொன்னாக? நாலு போதும்."

வெயிலில் வந்ததற்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். "இதையும் பாக்கியில எழுதிராதீக" என்றார். அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

வந்த வழியே திரும்பியிருக்கலாம். ஆனால், அப்பாவின் வட்டத்தை முழுசாக முடிக்கத் தோன்றியது. கோவில்பட்டி, பிறகு சாத்தூர். வைப்பாற்றில் மணல்தான் ஓடியது. நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு ஓரமாகவே உருட்டிப் போய், சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சும் காரச்சேவும் வாங்கினேன். ஒரு மர நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு சிவகாசி வழியாகத் திரும்பும்போது, மாலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரமும், அதன் பின்னால் மேற்கு மலையும் மெல்ல எழுந்து வந்தன. அப்பாவுக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும். பத்து நாள் புழுதிக்குப் பிறகு இந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் வீடு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அதனால்தான் பால்கோவா இங்கே வாங்கியிருக்கிறார். நானும் கால் கிலோ வாங்கினேன்.

ராத்திரி மகன் போனில் பேசினான். "நான் போனப்ப ரோட்டுல ஈ காக்கா இல்லம்மா. உனக்குப் பயமா இல்லையா?" என்றான்.

"எனக்கு ஸ்டாண்டைப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தான்டா" என்றேன்.

அதற்கு முன்பே அப்பா கேட்டுவிட்டார்: "அவ்வா கடைக்கு நாலு ரூபாய்..."

"கொடுத்தாச்சுப்பா."

"யார்கிட்ட கொடுத்தே?"

"அவ்வா இல்லப்பா. பேரன் பொண்டாட்டிகிட்டக் கொடுத்தேன். கிணத்துக்கு எதிர்ல ஓட்டு வீடு. ரெட்டைப் புளியை வெட்டிட்டாங்க. எனக்கு மோர் கொடுத்தாங்க."

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கூடுதலா இருந்திருக்குமே?"

"ஆமாப்பா."

"அந்த வீட்டுல அப்படித்தான்" என்றார். பால்கோவாவைத் தின்றுவிட்டுப் படுத்தார். விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடியும் கேட்டார். இன்றைக்கும் கேட்டார். நாளைக்கும் கேட்பார். கேட்கட்டும். யாரிடம் கொடுத்தேன், எந்த வீடு, மோர் எப்படி இருந்தது எல்லாம் எனக்குத் தெரியும்.