படுத்திருந்த பையனுக்கு ஒரு முயல்

என் பெரியவனுக்கு ஐந்து வயசில் மஞ்சள் காமாலை வந்தது. "மூணு வாரம் கட்டிலை விட்டு இறக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார் டாக்டர். சொல்வது சுலபம்! கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கொள்வான். கதை கதையென்று பிராணனை வாங்குவான். எனக்குத் தெரிந்த நரியும் காக்காயும் இரண்டே நாளில் தீர்ந்து போயின.

அப்போதுதான் இவர் வாடகை நூலகத்திலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டு வந்தார். நீலச் சட்டை போட்ட முயல், பெயர் பீட்டர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும், "அந்த முயலை நீயே போடும்மா" என்று பிடிவாதம் பிடித்தான் பையன். கல்யாணத்துக்குப் பிறகு கோலத்தைத் தவிர நான் எதையும் வரைந்ததில்லை. பயந்து கொண்டே பென்சிலை எடுத்தேன். "அடுப்பிலே பால் பொங்குது, இங்கே முயலா?" என்றார் மாமியார். மறுநாள் அவரே, "அந்த முயல் கையிலே ஒரு கிண்ணம் கஞ்சி போட்டுக் குடு. இவனும் குடிப்பான்" என்றார். குடித்தான்!

அந்த முயல் பிறந்த கதை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதுவும் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயசுப் பையனுக்காகப் பிறந்ததுதான். எழுதியவர் பீட்ரிக்ஸ் பாட்டர். 1866-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர். முயல், எலி, முள்ளெலியெல்லாம் வளர்த்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1893-ல், தனக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியையின் மகனுக்குப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதில் வந்த முயல்தான் பீட்டர்.

காளான்களையும் நுணுக்கமாக வரைந்து ஆராய்ந்தவர் அவர். 1897-ல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு ஒரு கட்டுரை தந்தார். ஆனால் கூட்டத்துக்குள் பெண்களை விடமாட்டார்களாம்! முயல் கதையையும் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்ப, 1901-ல் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு வருஷம் வார்ன் கம்பெனி வண்ணப் படங்களோடு வெளியிட்டது. 1905-ல் அந்தப் பதிப்பாளர் குடும்பத்து நார்மன் வார்னுடன், பெற்றோர் எதிர்த்தும், கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரே மாதத்தில் அவர் இறந்து போனார். பீட்ரிக்ஸ் வடக்கே ஏரிகள் சூழ்ந்த சாரி கிராமத்தில் ஒரு பண்ணை வாங்கினார். கிராமத்து வக்கீலைக் கல்யாணம் செய்து கொண்டபோது வயசு 47.

'பணக்காரி, வேலையாட்கள் உண்டு, நமக்கும் அவளுக்கும் என்ன?' என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் புத்தகத்தில் வந்த காசில் நகை நட்டு சேர்க்காமல் நிலம் வாங்கினார், ஆடு வளர்த்தார், சேற்றில் நடந்தார். சுற்றியுள்ள கிராமங்களில் வீடு தேடி நர்ஸ் வந்து பார்ப்பதற்காக ஒரு நிதி அமைப்பை ஏற்படுத்த முன்னின்றார். பிரசவமும் ஜுரமும் பார்த்த நமக்கல்லவா தெரியும் அதன் அருமை! நோயாளிக் குழந்தைகளுக்கு உதவும் சங்கத்துக்குப் பணம் சேர, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குத் தன் முயல் படங்களைக் கொடுத்தார். 1927-ல் விண்டர்மியர் ஏரிக்கரையில் ஒரு நிலம் கட்டிடக்காரர்கள் கைக்குப் போக இருந்தது. கண்பார்வை மங்கி, வரைவதே குறைந்திருந்த சமயம். அப்படியும் 50 படங்களைக் கையெழுத்துப் போட்டு, ஒன்று ஒரு கினி என்று அமெரிக்க வாசகர்களுக்கு விற்று அதை மீட்க உதவினார். 1943-ல் காலமானபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும் 14 பண்ணைகளும் நேஷனல் டிரஸ்டுக்கு, பொதுச் சொத்தாகப் போயின.

என்னிடம் ஏக்கரும் இல்லை, பண்ணையும் இல்லை. பென்சில் இருக்கிறது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வியாழக்கிழமைதோறும் இருபது அட்டைகளில் படம் போட்டுக் கொண்டு போகிறேன். போன வாரம், காலில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி முயலை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல ஆட்டுக்குட்டிதான் இருக்கு பாட்டி, அதைப் போட்டுத் தாங்க" என்றாள். எனக்கு ஆடு வராது. எதிர்வீட்டுக் கொல்லையில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளாக அதன் முன்னால்தான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். பின்னங்கால்தான் சரியாக வரமாட்டேன் என்கிறது.