பூஜை கூடாது

கடவுள் இல்லை என்பது நான் தேடிக் கண்டடைந்த முடிவல்ல. அது எனக்கு வீட்டுச் சொத்தாக வந்தது. நீதிக்கட்சி 1944இல் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலத்தில். 1971 ஜனவரியில் பெரியாரின் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்த ஊர்வலத்தில் அப்பா நடந்தார், இருபது வயதில். எனவே நான் எதையும் உதற வேண்டியிருக்கவில்லை. ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் விக்டோரியக் கவிகளிடம் பார்த்த அந்த நம்பிக்கையிழப்பின் வேதனை எனக்கு இரவல் சமாச்சாரமாகவே இருந்தது.

2019இல் அப்பா இறந்தார். அவர் எழுதிவைத்தபடி சடங்கு எதுவும் இல்லை. மறுநாள் காலை வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. மற்ற வீடுகளில் இப்படியான நாட்களில் பாலுக்கும் எள்ளுக்கும் ஆள் ஓடும். துக்கத்துக்குக் கைவேலை இருக்கும். அம்மா அவருடைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்துத் துடைத்தாள். அதைச் சடங்கு என்று அப்பா ஒப்பியிருக்க மாட்டார். எனக்கு அது சடங்காகவே பட்டது. ஆனால் யாரையும் நோக்கிச் செய்யப்படாத ஒன்று.

ஆன்மீகம் என்ற சொல் எனக்குக் கூச்சம் தருவது. வாரப் பத்திரிகைகள் அதைப் பலன், பரிகாரம் என்று ஆக்கிவிட்டன. வேறு சொல் கிடைக்காததால் அதையே வைத்துக்கொள்கிறேன். பிரார்த்தனையில் இரண்டு காரியங்கள் கலந்து கிடப்பதாகத் தோன்றுகிறது: கேட்பது, அசையாமல் இருப்பது. கேட்பதை நிறுத்தியது சுயமரியாதை இயக்கம். சரியாகவே நிறுத்தியது. கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவனுக்கு மௌனத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க முடியாது. ஆனால் இரண்டாவதும் களையோடு பிடுங்கப்பட்டுப் போனது. எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனை, என்ன சோம்பல் என்றுதான் கேட்பார்கள்.

அப்பா போன வருஷமே சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனைப் பார்க்கப் போனேன். முனியப்பன் என்றால் எங்கள் பக்கத்தில் அரிவாள், மீசை, கிடா, சுருட்டு. இங்கே இருப்பவரோ காலை மடித்து, மடிமேல் கைகளை வைத்து அமர்ந்திருக்கிறார். உடைந்த தலையைச் சிமெண்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அருகில் நின்ற கிழவி, "கும்பிட்டுக்க கண்ணு" என்றாள். "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் ஆத்தா" என்றேன். "பாரு, யாரு வேண்டாங்கறா" என்று தன் வேண்டுதலுக்குத் திரும்பிவிட்டாள்.

சிலை புத்தருடையது என்று 2011இலேயே ஒரு புத்த அறக்கட்டளை வழக்குத் தொடுத்திருந்தது. தொல்லியல் துறையும் ஆராய்ந்து அதையே சொன்னது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், மக்கள் வரலாம், பூஜை கூடாது. வரலாற்றுக்கு இது நியாயம். கடவுளைப் பற்றிப் பேச மறுத்த ஒருவனுக்கு வேண்டுதல் வைத்துக்கொண்டிருந்தது விசித்திரம்தான். ஆனாலும் அந்தக் கிழவியை நினைக்காமல் தீர்ப்பை என்னால் படிக்க முடியவில்லை. அவளுக்கு அது ஓர் இழப்பு. எனக்கோ, யாரோ என் ஸ்திதியைச் சட்ட பாஷையில் எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது. வரலாம், நிற்கலாம், பூஜை மட்டும் கிடையாது.

இந்த ஸ்திதிக்கு எங்கள் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1968 முதல் 1970 வரை 'நடை'யைச் சேலத்திலிருந்து கொண்டுவந்த சி. மணி. கேலியும் கசப்புமாக எழுதியவர், பின்னால் 'தாவோ தே ஜிங்'கைத் தமிழாக்கினார். இதைக் கவிஞனின் பின்வாங்கல் என்று கொள்ள எனக்குச் சம்மதமில்லை. அந்த நூலில் வரம் கொடுக்க ஆள் கிடையாது. தண்டிக்கவும் ஆள் கிடையாது. கேலி செய்யத் தெரிந்தவனால்தான் அதைச் சாமியாராகாமல் மொழிபெயர்க்க முடியும். அம்மாவுக்குச் சில பக்கங்கள் படித்துக் காட்டினேன். "சாமி பேரே வரலியே" என்றாள். குறையாகச் சொன்னாளா, ஆச்சரியமாகவா, பிடிபடவில்லை. மேலே படிக்கச் சொன்னாள்.

இப்போது நாமக்கல் கிளையில் இருக்கிறேன். முட்டை வியாபாரிகளும் லாரி பாடி கட்டுகிறவர்களும் போனபின், ரொக்கம் நேரானதும், ஜன்னல் வழியே கோட்டைப் பாறையைப் பார்த்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். எண்ணங்கள் ஒடுங்குவதெல்லாம் இல்லை. உடம்புக்கு என்ன என்று மேலாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.