காயில் உரசினால் காது கேட்காது

“ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கணும். பாட்டு நல்லா கேட்கிறதை வாங்கறதா, சொன்னதைச் செய்யறதை வாங்கறதா?” என்று பட்டறைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். ஒலிக்குத்தான் முதலிடம் என்பேன். பாட்டுப் பிரியன் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தப் பெட்டிகளைப் பிரித்து வேலை பார்ப்பவனுக்கு ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும்: ஸ்பீக்கர் சுத்தமாகப் பாடினால்தான் மைக் நம் பேச்சைப் பிடிக்கும்.

2014இல் வந்த முதல் எக்கோ ஸ்மார்ட் ஸ்பீக்கரில் இரண்டரை அங்குல ஊஃபர், இரண்டு அங்குல ட்வீட்டர், உச்சியில் ஏழு மைக். ஊஃபருக்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. நாமோ பத்தடி தள்ளி நின்று கூப்பிடுகிறோம். பாட்டு ஓடும்போது மைக்கில் விழுவதில் பெரும்பங்கு அதே பெட்டியின் சத்தம்தான். ஆனால் ஸ்பீக்கருக்கு என்ன சிக்னல் போகிறது என்பது உள்ளே இருக்கும் சிப்புக்குத் தெரியும். அது அறையில் பட்டு எப்படித் திரும்பி வரும் என்று கணித்து, மைக்கில் விழுந்ததிலிருந்து கழித்துவிடும். மிஞ்சுவது நம் குரல். எக்கோ கேன்சலேஷன் என்பது இதுதான்.

இந்தக் கழித்தல் சரியாக வர வேண்டுமானால், அனுப்பிய சிக்னலை ஸ்பீக்கர் அப்படியே ஒலிக்க வேண்டும். ஸ்பீக்கரின் கோன் இரைந்தால் அந்த இரைச்சல் சிப்பின் கணக்கில் வராது. கழிபடாமல் நின்று குரலை மூடிவிடும்.

ஒரு அம்மா கொண்டுவந்த பெட்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். “பாட்டு போட்டா நான் கூப்பிடறது கேட்கவே மாட்டேங்குது தம்பி. நிறுத்தினா ஒழுங்கா பதில் சொல்லுது” என்றார். மைக் போய்விட்டது என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்களாம். பாட்டு நின்றதும் கேட்கிறதென்றால் அது மைக் கோளாறாக இருக்காது. “மைக் நல்லாத்தாம்மா இருக்கு, ஸ்பீக்கரைப் பார்க்கணும்” என்று சொல்லிப் பிரித்தேன். கோனின் இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்தியபோது, மணல் உரசுவதுபோல் ஒரு நறநறப்பு விரல்நுனிக்கு எட்டியது. வாய்ஸ் காயில் மையம் விலகி, மேக்னட் இடைவெளியில் உரசிக்கொண்டிருந்தது. அதே அளவில், அதே ஓம்ஸில் நல்ல ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டு, மைக்கைச் சுற்றியிருந்த ரப்பர் வளையங்களை இருந்தபடியே பதித்து மூடினேன். பாட்டு ஓட ஓடவே கூப்பிட்டார், பதில் வந்தது. போர்டிலும் மென்பொருளிலும் நான் கைவைக்கவே இல்லை.

சின்ன ஸ்பீக்கருக்குப் பாஸ்தான் பெரும் பாரம். ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி அதே உரப்பில் ஒலிக்க, கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். இரண்டு அங்குலக் கோனுக்கு அவ்வளவு தூரம் போய்வர இடமில்லை. அதனால் வால்யூமை ஏற்ற ஏற்ற மென்பொருள் பாஸைக் குறைத்துவிடுகிறது. தவில் சப்பென்று ஆவது இதனால்தான். 2018இல் ஆப்பிள் விற்ற ஹோம்பாடில் நாலங்குல ஊஃபர். அது உரக்கப் பாடும்போதும் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் கேட்கும். ஊஃபருக்குச் செய்த செலவு மைக்குக்கும் உதவியிருக்கிறது.

கண்பார்வை இல்லாதவர்களுக்கும் எழுந்து நடக்க முடியாதவர்களுக்கும் பாட்டைவிடக் குரல் வசதிதான் முக்கியம். அதை மறுக்க மாட்டேன். அவர்களுக்கு வாங்கும்போதுதான் ஸ்பீக்கரை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆயுள் என்று ஒன்றும் இருக்கிறது. குரல் உதவியாளரின் மூளை பெரும்பாலும் எங்கோ சர்வரில்தான் இருக்கிறது. 2017இல் ஹார்மன் கார்டன், மைக்ரோசாஃப்டின் கோர்ட்டானாவை வைத்து இன்வோக் என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. 2021இல் அதில் கோர்ட்டானா நின்றுபோனது. அதன் பிறகு அது வெறும் புளூடூத் ஸ்பீக்கர். ஒலிப்பகுதி உருப்படியாக இருந்ததால்தான் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் நாதஸ்வரமும் தவிலும் உள்ள பாட்டாகப் போடச் சொல்லுங்கள். வால்யூமை முக்கால்வாசி ஏற்றிவிட்டுப் பத்தடி தள்ளிப் போய், வீட்டில் பேசுகிற குரலில் கூப்பிடுங்கள். கத்தினால்தான் கேட்கிறதென்றால் அடுத்ததைப் பாருங்கள். கைக்காசு சின்னப் பெட்டிக்குத்தான் கட்டுமென்றால், 3.5 மி.மீ. அவுட்புட் துளை உள்ளதாக வாங்குங்கள்; எக்கோ டாட்டின் நான்காம் தலைமுறையில் அது உண்டு, ஐந்தாவதில் எடுத்துவிட்டார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆம்ப்பை அதில் இணைத்துப் பெரிய ஸ்பீக்கரில் பாடவிடலாம். அந்த ஸ்பீக்கரிலிருந்து மூன்றடியாவது தள்ளிப் பெட்டியை வையுங்கள்.