சுளை உரிக்கும் மேசை எங்கே இருக்கிறது?

ஜமைக்காவில் அக்கிப் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் உண்மையான வேலை பழத்தை வாங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. மரத்தில் தானாக வாய் பிளந்த பழம் மட்டுமே உள்ளே வரும்; மூடியிருப்பதை ஒதுக்கிவிடுகிறார்கள். காயில் இருக்கும் ஹைப்போகிளைசின் ஏ என்ற நஞ்சு ரத்தச் சர்க்கரையை அடியோடு சரித்து உயிரையே பறிக்கக்கூடியது. பழுக்கும்போது சுளையில் அது வெகுவாகக் குறையும், விதையிலோ நஞ்சு நீங்குவதில்லை. ஆகவே மேசையைச் சுற்றி நிற்கும் தொழிலாளர்கள் கறுப்பு விதையைக் கழற்றி, சுளையின் மடிப்பில் ஒட்டிய செந்நாரைக் கையாலேயே கிள்ளி எடுக்கிறார்கள். வெண்ணெய்போல் மெத்தென்ற சுளை கொஞ்சம் அழுத்தினாலும் சிதைந்துவிடும். பிறகு கழுவி, உப்புநீரோடு டப்பாவில் அடைத்து மூடி வேகவைக்கிறார்கள். நான் கண்ட வரையில், இந்தத் தொழிலின் மூலதனம் அந்த விரல்களில்தான் இருக்கிறது.

லண்டன், டொரன்டோ, நியூயார்க் நகரங்களில் குடியேறிய ஜமைக்கர்களே இந்த டப்பாவுக்கு முதல் வாடிக்கையாளர்கள். அக்கியும் உப்புக் கருவாடும் அவர்களுடைய தேசிய உணவு. ஆனால் புலம்பெயர்ந்தோர் நடத்தும் உணவுத் தொழில் எல்லாமே தாய்த்தீவுக்கு வேலை தருவதில்லை. ஜமைக்காவில் பிறந்த லீவை ரூட்ஸின் ரெகே ரெகே சாஸ் 2007இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி வழியாகப் புகழ்பெற்றது. அது தயாரானது பிரிட்டனிலேயே. 1989இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் தொடங்கிய கோல்டன் கிரஸ்ட் நிறுவனத்தின் ‘பேட்டி’ என்ற, பூரணம் அடைத்த தின்பண்டமும் அங்கேயே சுடப்பட்டது. சுவை தீவுடையது, கூலி வேறு நாட்டுடையது. அக்கியை அப்படி இடம்மாற்றுவது கடினம். பறித்த பழம் சீக்கிரம் கெடும், நஞ்சுக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் உரிக்கும் மேசை மரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். முதலாளியின் பூர்விகத்தைவிட மேசையின் இடம்தான் தீவின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

ஊர் நினைப்பை நம்பிய சந்தை மூன்றாம் தலைமுறையில் வற்றிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆசை இருந்தாலே சந்தை திறந்துவிடும் என்பதும் உண்மையில்லை. அமெரிக்கா 1973இல் அக்கி இறக்குமதியைத் தடுத்தது. அங்கே லட்சக்கணக்கான ஜமைக்கர்கள் வாழ்ந்தும் கதவு 2000இல்தான் திறந்தது, அதுவும் பாதுகாப்பு முறைகளை நிரூபித்த ஆலைகளுக்கு மட்டும். கதவைத் திறந்த அந்தத் தரம், ஊர் நினைப்பே இல்லாத வாடிக்கையாளரிடமும் செல்லுபடியாகும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது: ஹெயிட்டியிலும் அக்கி டப்பாவில் அடைக்கப்படுகிறது, மலிவான கூலி எங்கேயோ தொழில் அங்கே போய்விடும். அது நடக்கக்கூடியதே. கூலியைக் குறைத்து அந்தப் போட்டியை வெல்ல முடியாது, தரத்தால்தான் முடியும். அதற்கு, வீட்டுக் கொல்லை மரங்களிலிருந்து வரும் பழத்துக்கு, பழுக்கும்வரை காத்திருந்ததற்கான விலையைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் காய் பறிக்கும் அவசரமே நஞ்சை ஆலைக்குள் கொண்டுவரும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஜமைக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குச் சமம். அது பெரும்பாலும் அன்றாடச் செலவில் கரைகிறது. புலம்பெயர்ந்தோரின் முதலீட்டை வரவேற்கும் அரசு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பணத்தில் எந்த வேலை தீவில் நடக்கும் என்பதுதான். லேபிளில் தீவின் பெயர் இருந்தால் போதாது. சோதனைக்கூடமும் உரிக்கும் மேசையும் அங்கே இருக்க வேண்டும்.