இரண்டு பட்டியலில் ஒரு பெயர்



2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதியும், எங்கள் மைசூரில் 26-ஆம் தேதியும் வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்கு முந்தின 14-ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்தபின், சபையின் வாலிபத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார்.

“பாஸ்டர், எனக்கு ஊரிலும் ஓட்டு இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. ஊருக்கு வந்தால் வண்டிச் செலவு தருகிறார்களாம், கையிலும் ஏதோ கொடுப்பார்களாம். நடுவில் ஏழு நாள் இருக்கிறதே, போய்வரலாமா?” என்று கேட்டார்.

“தம்பி, ஒரு மனிதனுக்கு ஒரு வாக்குதான். வாக்குக்குப் பணம் வாங்குவதும் குற்றம். போகாதீர்கள்” என்று உடனே கூறிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு, “ஊர்ப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எப்படி எடுத்தீர்கள், பாஸ்டர்?” என்றார். குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. வழி தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னால் பதில் சொல்லக் கூடவில்லை.

ஏனெனில் நான் எடுக்கவே இல்லை. ஊழியத்தின் நிமித்தம் மைசூருக்கு வந்து இங்கே வாக்காளராகப் பதிவு செய்தபோது, வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்று படிவம் 6-இல் கையொப்பமிட்டிருந்தேன். ஒருமுறையும் நான் இரண்டு வாக்குகள் அளித்ததில்லை. ஆகையால் என் மனச்சாட்சி அமைதலாயிருந்தது. ஆனால் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறலாகாது. பொய்யென்று அறிந்தும் உறுதிமொழி அளித்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பொய்ச்சாட்சியைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்த நானே அந்தப் பொய்யில் கையெழுத்திட்டிருந்தேன்.

தேர்தலில் விரலில் இடும் அழியாத மை, நாங்கள் வாழும் இந்த மைசூரிலேதான் தயாராகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937-இல் தொடங்கப்பட்டு, இன்று மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்னும் கர்நாடக அரசு நிறுவனமாயிருக்கும் தொழிற்சாலை, 1962 பொதுத்தேர்தல் முதல் அதைச் செய்து வருகிறது. மையிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சத்தில் கறுக்கிறது. நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நகத்தின் கறை போவதில்லை. 2024 தேர்தலுக்கு 26 லட்சத்துக்கும் மேற்பட்ட குப்பிகள் அனுப்பப்பட்டன. ஒருவர் இருமுறை வாக்களியாதபடிக்கு இத்தனை ஏற்பாடு! ஆனால் என் கையொப்பத்தின் கறையை அந்த மை காட்டவில்லை. கர்த்தர் ஒரு வாலிபனின் கேள்வியினால் அதைக் காட்டினார்.

அன்றிரவு ஊரிலுள்ள என் அண்ணனோடு தொலைபேசியில் பேசினேன். “வீடு போயிற்று, நிலம் போயிற்று. பெயராவது இருக்கட்டுமடா. அதையும் எடுத்துவிட்டால் உனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?” என்று அவர் வருந்தினார். அந்த வார்த்தை என்னை அசைத்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அந்தப் பெயர் வெறும் ஓட்டு அன்று. நாமும் அவ்வூரார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் அடையாளம். ஆயினும், தனக்கு நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல்லில் நிற்கிறவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று 15-ஆம் சங்கீதம் போதிக்கிறது. என் சொல்லோ எழுதும்போதே மெய்யாயிருக்கவில்லை.

21-ஆம் தேதி ஞாயிறன்று சபைக்கு முன்பாக என் தவறை அறிக்கையிட்டேன். வெட்கமாயிருந்தது. அந்தத் தம்பி ஊருக்குப் போகவில்லை. 26-ஆம் தேதி மைசூரில் மாத்திரம் வாக்களித்தார். தேர்தல் முடிந்தபின் நாங்கள் இருவரும் ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும்படி படிவம் 7-ஐ நிரப்பி அனுப்பினோம். பின்வந்த வாரங்களில் வேறு சில குடும்பத்தாரும் தங்கள் அட்டைகளை எடுத்துக்கொண்டு போதகர் இல்லத்துக்கு வந்தார்கள்.

பிரியமானவர்களே, பெரிய பாவங்களுக்கு விலகி நிற்கிற நாம், “எல்லாரும் செய்வதுதானே” என்று சிறிய படிவங்களில் இடறிப்போகிறோம். ரேஷன் கார்டிலும், வாடகை ஒப்பந்தத்திலும், பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்திலும் நாம் எழுதியிருப்பது மெய்தானா? இன்றே எடுத்துப் பாருங்கள். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். சகேயு தன் வீட்டில் இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளிலேயே கணக்கைச் சரிசெய்ய முன்வந்தான் அல்லவா?

உள்ளதை உள்ளதென்று எழுதும் கைகளைக் கர்த்தர் தாமே நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.