கொட்டியை அறிந்தோர்

மூதுரையை மனப்பாடஞ் செய்யாத தமிழ் மாணாக்கர் அரியர். நீர் வற்றியதும் குளத்தை விட்டகலும் பறவைகள் உறவாகா. கொட்டி முதலிய நீர்ப்பூண்டுகள் போல உடனிருந்து வருந்துவோரே உறவு என்பது அங்கு வரும் கருத்து. கொட்டி ஒருவகை நீர்ப்பூண்டு என்றெழுதி உரைநூல்கள் அப்பாற் சென்றுவிடுகின்றன. பரீட்சைக்கு அது போதும். ஆனால் உவமையின் உயிர் அப்பூண்டில் அன்றோ இருக்கிறது?

வன்னியில் நாம் கற்பிக்கும் பாடசாலையில் இப்பாடலை நடத்திய அன்று, ஏனையோர் வெளியேறிய பின் ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி தயங்கி நின்றாள். "சேர், நாங்கள் அவிச்சுச் சாப்பிடுற கொட்டியோ அது?" என்று கேட்டாள். வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. குளத்துக் கிழங்கு தின்னும் வீடு என்று பிறர் அறிவது அவளுக்கு வெட்கம். தாய் கூலி வேலைக்குச் செல்பவர். 2022 ஆம் ஆண்டில் அரிசி விலை எட்டாத உயரத்துக்கு ஏறியபோது அவ்வீட்டின் இராவுணவு பல நாள் இக்கிழங்காகவே இருந்தது.

ஆனி மாதத்தில், நீர் முழங்காலளவுக்கு இறங்கியிருந்த சிறுகுளத்தில், அத்தாயே எமக்குக் கொட்டியைக் காட்டினார். ஆம்பலிலை வட்டமானது, ஒருபுறம் பிளந்தது. கொட்டியிலை நாக்கைப்போல நீண்டு நீர்மேற் கிடக்கும். நரம்புகள் நடுநரம்போடு ஒத்து நெடுக ஓடும். பூவோ தனிமலரன்று, நீருக்கு மேலே விரல்போல் நிமிரும் கதிரில் நுண்ணிய பூக்கள் நெருங்கியிருக்கும். இலையும் கதிரும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்த வேறு பூண்டுகளும் உள. ஆதலின் கண்ணை மட்டும் நம்பலாகாது, காம்பைத் தொடர்ந்து கை கீழே செல்லவேண்டும். நீண்ட தண்டொன்றில் இலைகள் விட்டுவிட்டுக் கிளைத்திருப்பின் அது கொட்டியன்று. எல்லாக் காம்புகளும் சேற்றிலுள்ள ஒரே கிழங்கில் வந்து கூடினாற் கொட்டி.

"இழுக்காதையுங்கோ சேர், அறுந்துபோகும். விரலை அடியிலை விடுங்கோ" என்றார். வந்த கிழங்கு பாக்களவே. ஒருவேளை உணவுக்கு எத்தனை முறை குனிய வேண்டும்!

குளம் வற்ற இலை கருகும். கிழங்கு சேற்றினுள் உறங்கி, மாரி மழையோடு மீண்டுந் தளிர்க்கும். மூதுரைப் புலவர் இதனைக் கண்டே பாடியிருக்கவேண்டும் என்பது எமது துணிபு. உரை எழுதியோர் குளத்தில் இறங்கினார்களோ, யாமறியோம்.

சிங்கள உழவர் இவ்வினப் பூண்டுகளைக் கெக்கட்டிய என்பர், பூத்தண்டைக் கறியாக்குவர். இரு மொழி ஏழைகளும் ஒரே சேற்றிற் கைவிட்டு உண்டவர்கள். இவ்வினத்திலேயே நெளிந்த இலையுடைய அப்பொனொஜெற்றன் கிறிஸ்பஸ் என்பது மேல்நாட்டார் வீடுகளில் மீன் வளர்க்குங் கண்ணாடித் தொட்டிகளுக்கு அலங்காரமாக இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. அங்கே அதற்கு விலையுண்டு, மதிப்பும் உண்டு.

தாவரவியற் கற்கைக்காக 1939 இல் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, தொட்டியினின்று தப்பி நாட்டின் நீர்நிலைகளெங்கும் பரவிய கதை படித்தோர் அறிந்ததே. இக்குளத்தின் துருசடியிலும் அது பாய்விரித்தாற்போலக் கிடக்கிறது. வெயில் அதனூடே இறங்குவதில்லை. அம்மூலையிற் கிழங்கெடுத்து மூன்று வருடமாயிற்று என்றார் தாய். மகள் அதனைக் கை நிறைய அள்ளிக் கரையிலே போட்டுக்கொண்டிருந்தாள்.