பின்வாசல் தேடிய பருவம்

"இதுக்கு வாய் எது மாமா? பின்பக்கம் எது?"

மண்டபத்தில் அத்தை வீட்டில் கழிந்த கோடை விடுமுறைகளில் நான் ஓயாமல் கேட்ட கேள்வி இது. "பொட்டப்புள்ள கேக்குற கேள்வியா இது?" என்று அப்பத்தா தலையில் அடித்துக்கொள்வாள். மாமா மட்டும் கோபப்பட மாட்டார். "தேடிப் பாரு மருமகளே" என்பார்.

தேடுவதற்குப் பஞ்சமில்லை. வடகடல் கரையில் கரைவலை ஏறியதும் காரலும் சூடையும் கூடைக்குப் போய்விடும். வேண்டாதவை மணலில் கிடக்கும். அவற்றை உடைமரச் சுள்ளியால் புரட்டிப் பார்ப்பேன். முதலில் கிடைப்பது சொறி, பாடப் புத்தகம் ஜெல்லி மீன் என்கிறதே, அது. கையில் பட்டால் அரிப்பெடுக்கும். குடையைக் கவிழ்த்துப் பார்த்தால் சுருள் சுருளாகத் தடித்த கைகள்தான் இருக்கும், வாய் இருக்காது. அந்த வகைக்கு நடுவில் வாயே கிடையாது என்பதைக் கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் அறிந்தேன். அந்தக் கைகளெங்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள். மிதவை உயிரிகளை அவை உறிஞ்ச, மெல்லிய கால்வாய்கள் வழியாக வயிற்றுக்குப் போகும். கழிவும் வந்த வழியே திரும்பும்.

கடல் சாமந்தி அப்படி மறைக்காது. அலை வாங்காத பவளக்கல் இடுக்கில் ஒன்று இருந்தது. அத்தை ஆய்ந்துகொண்டிருந்த இறாலில் ஒன்றைத் திருடி, ஓட்டோடு அதன்மேல் போட்டேன். உணர்விழைகள் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டன. மறுநாள் போய்ப் பார்த்தால், சதையெல்லாம் கரைந்த ஓடு, கோழை சுற்றிய உருண்டையாக அதே வாயிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஒற்றை வாசல் வீடு! விருந்தாளி வருவதும் அதன் வழியே, குப்பை போவதும் அதன் வழியே. ஓடிப்போய் அப்பத்தாவிடம் சொன்னேன். அன்று அவள் மீன் குழம்பைத் தொடவில்லை.

கடற்பஞ்சில் தோற்றேன். உடம்பெல்லாம் துளை. இதில் எது வாய்? துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் எடுத்துப்போய், கல்லில் ஒட்டியிருந்த ஒன்றின் பக்கத்தில் தெளியவிட்டேன். நீலம் பக்கத்துத் துளைகளுக்குள் மெல்ல இழுபட்டது. சற்று நேரத்தில் உச்சியிலிருந்த பெரிய துளை வழியாக வெளியேறியது. அதற்கு வயிறும் இல்லை, குடலும் இல்லை. உள்ளறைகளில் இருக்கும் நுண்ணிய செல்கள் தம் சாட்டையிழைகளை அசைத்து நீரை ஓடவிடுகின்றன. ஓடும் நீரில் வரும் இரையைச் செல்களே பிடித்துத் தமக்குள்ளேயே செரித்துக்கொள்கின்றன.

இரண்டு வாசலையும் கண்ணாரக் காட்டியது கடல் அட்டைதான். மாமா அட்டைக்குக் குளிக்கப் போவார். கொண்டுவந்ததைக் கீறிக் குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைத்தால் சிங்கப்பூருக்குப் போகும். அட்டையைக் கொல்லைப்புறத்தில் கீறும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உடம்பைவிடப் பல மடங்கு நீளமான குடல், உள்ளே முழுக்க மணல். ஒரு முனையில் மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு, மறுமுனையில் மணலையே விட்டுவிடுகிறது. பிடிக்கும்போது சில அட்டைகள் மிரண்டு குடலையே பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். "சாவாது, புதுசா முளைக்கும்" என்றார் மாமா. அளக்கிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதைவிட வேடிக்கை, அதே பின்வாசல் வழியாகத்தான் அது நீரை உள்ளிழுத்து மூச்சும் விடுகிறது. 2001இல் அரசு அட்டை பிடிக்கத் தடை போட்டது. மாமா நண்டு வலைக்கு மாறினார்.

இரு வாசலின் அருமை, பள்ளியில் மண்புழுவை அறுத்தபோது விளங்கியது. உணவு ஒரே திசையில் நகர்வதால் அரைக்க ஓரிடம், செரிக்க ஓரிடம், உறிஞ்ச ஓரிடம் என்று குடல் வேலையைப் பிரித்துக்கொள்கிறது. முந்தைய வேளைச் சாப்பாடு போகும் வரை அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாடாப்புழு இன்னும் கெட்டிக்காரச் சோம்பேறி. அதற்கு வாயோ குடலோ கிடையாது, நம் குடலில் நாம் செரித்து வைத்ததைத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும்.

2019இல் அமெரிக்க ஆய்வாளர் சிட்னி டாம் சீப்புச்சொறி இனம் ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அத்தை மகனுக்கு உடனே போன் போட்டேன். அதன் பின்வாசல் எப்போதும் இருப்பதில்லை. கழிவு சேர்ந்ததும் குடல் உப்பித் தோலோடு ஒட்டி ஒரு துளை திறக்கிறது. காரியம் முடிந்ததும் தடமே இல்லாமல் மூடிக்கொள்கிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என்ன விலைக்குப் போகும்?" என்றான் அவன்.